வஸ்ஃபி எஃபெந்தியின் எலுமிச்சைத் துண்டு

படத்தில் நாற்காலிக் காட்சி நெருங்கும்போது வஸ்ஃபி எஃபெந்தி தகர டப்பாவைத் திறந்து, உப்பில் ஊறிய எலுமிச்சைத் துண்டு ஒன்றை எடுத்து நாக்கடியில் அடக்கிக்கொள்வார். கண் சுருங்கும், தாடை இறுகும். சிரிப்பு வராமல் இருக்க அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது.

அலெக்ஸாந்திரியாவில் எங்கள் அத்தாரீன் பேட்டைத் தியேட்டரில் அவருக்கு வசனச் சுருளின் கைப்பிடியைச் சுற்றும் வேலை. எஃபெந்தி என்றால் எங்கள் ஊரில் 'ஐயா' மாதிரி. பெரிய திரையில் அமெரிக்காக்காரன் படம் ஓடும். பக்கத்தில் ஜன்னல் அளவுக்கு ஒரு சின்னத் திரை; வஸ்ஃபி சுற்றச் சுற்ற அதில் அரபு வசனம் வரிவரியாக நகரும். படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு உரக்கப் படித்துச் சொல்வார்கள். ஊமைப் படம் என்று பெயர்தானே தவிர, ஒரே சந்தை இரைச்சல்.

பேசும் படங்கள் வந்து ஆறு வருடமாகிறது. ஆனாலும் பெருநாள் வந்தால் ஜனங்கள் இந்தப் பழைய படத்தைத்தான் போடச் சொல்கிறார்கள். பெண் கேட்க வந்த ஒல்லிப்பிச்சான் ஒருவன், தோட்டத்தில் பெயின்ட் காயாத நாற்காலியில் உட்கார்ந்து, பின்னால் ஒட்டிக்கொண்ட நாற்காலியோடு கூடத்துக்குள் நுழைகிறான். பெண்ணின் அப்பா உட்காரச் சொல்கிறார். இங்கிலீஷில் அவன் சொல்வது வெறும் நன்றிதானாம். வஸ்ஃபி எழுதி வைத்ததோ, "உக்காந்துகிட்டேதான் வந்தேன், மாமா."

தன் வசனத்துக்குத் தானே சிரிப்பார். சிரித்தால் கை நின்றுவிடும். போன பெருநாளில் அப்படி நின்றதில், கதாநாயகி தேம்பி அழும்போது சமையல்காரன் வாத்தைத் திட்டும் வசனம் வந்தது. முதலாளி அனஸ்தாஸ், கிரேக்கர், கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவ கை நின்னுச்சுன்னா, எஃபெந்தி, அப்புறம் நீங்க டிக்கெட் வாங்கிட்டு வந்து சிரிங்க."

வேறு வேலை கிடைக்காதவர் அல்ல. இந்தப் படத்தை விட்டுப் போவதுதான் அவரால் ஆகாது. திரையைப் பார்க்காமல் சுற்றினால் என்ன என்று கேட்டேன்.

"எப்படிங்க முடியும்? பதினோரு வருஷமா பாக்கறேன். இந்தத் தடவையாச்சும் அவன் நாற்காலியத் தொட்டுப் பாத்துட்டு உக்காருவானான்னு இருக்கு."

இந்தப் பெருநாள் மதியக் காட்சியில் அரங்கு நிரம்பி வழிந்தது. முதலாளி வஸ்ஃபியின் முதுகுக்குப் பின்னாலேயே வந்து நின்றுகொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் தகர டப்பாவை வஸ்ஃபி பக்கம் நகர்த்தினேன். எலுமிச்சை உள்ளே போயிற்று. திரையில் பெண்ணின் அப்பா வாயைத் திறந்தார். முன்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். அவ்வளவுதான், வஸ்ஃபியின் தோள் குலுங்கியது, கை நின்றது. சின்னத் திரையில் "உக்காருங்க தம்பி" அசையாமல் நின்றது.

அனஸ்தாஸ் அவரை ஒதுக்கிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தார். அதற்குள், படிக்கத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருமாகத் தியேட்டரே ஒரே குரலில் சொல்லிற்று: "உக்காந்துகிட்டேதான் வந்தேன், மாமா."

முதலாளி பல்லைக் கடித்துப் பார்த்தார். மூக்கு விடைத்தது. பிறகு தொந்தி குலுங்கத் தொடங்கியது. கைப்பிடி அவர் கையிலும் நின்றது. வஸ்ஃபி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தகர டப்பாவைத் திறந்து அவர் பக்கம் நீட்டினார்.