மாராத்தாக்கா வைத்த கைநாட்டு

ரேஷன் கடையில் இப்போது கட்டைவிரலை ஒரு சின்ன மிஷினில் வைக்கச் சொல்கிறார்கள். போன வாரம் மூன்று தடவை வைத்தும் என் ரேகை விழவில்லை. "பெரியவரே, தொடச்சுட்டு வைங்க" என்றது அங்கிருந்த பெண். பனியன் மடித்தே தேய்ந்த விரல், துடைத்தால் வந்துவிடுமா? அங்கே மை கிடையாது. ஆனாலும் பழைய ஸ்டாம்ப் பேடின் வாசனை எனக்கு மட்டும் அடித்தது. கண்ணுகளா, உங்களிடம் சொல்லாமலே வைத்திருந்த ஒன்றை அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் அம்மாவைக் கட்டிய புதிதில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தேன். எட்டாவது வரை படித்தவன் என்பதால் அங்கே எனக்கு வாத்தியார் என்று பெயர். யாருக்கு லீவு லெட்டர் வேண்டுமென்றாலும் நான்தான். அந்தப் பெருமையில் காதில் பேனா செருகித் திரிவேன். பாதி நாள் அதில் மை இருக்காது.

தைப்பவருக்குத் துணியை மடித்துக் கொடுக்கிற கைமடி வேலையில் மாராத்தாக்கா இருந்தார். பன்னிரண்டு வருஷம். சாமளாபுரத்தில் மகளுக்குப் பிரசவம், ஒரு மாசம் லீவு எழுதித் தரச் சொன்னார். முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார்.

"லீவுன்னு எழுதாத. சொந்த விருப்பத்துல வேலைய விட்டு நின்னுக்கறேன்னு எழுது. நாமளா நிறுத்துனா பன்னெண்டு வருசத்துக்கு நட்டஈடு கேக்கும். அது என்ன படிக்கவா போகுது?"

மறுத்தால் என் வேலை போகும் என்று நினைத்தேன். போயிருக்குமா, தெரியாது. எழுதிவிட்டேன்.

"படிச்சுக் காட்டு கண்ணு" என்றார் அக்கா.

"ஒரு மாசம் லீவு வேணும்னு போட்டிருக்குதுங்கக்கா."

கைநாட்டு வைத்தார். விரல் மையைத் தலைமுடியில் துடைத்து, "நரைக்கு ஆச்சு" என்று சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன்.

மாசம் கழித்து, பேரன் பிறந்த சந்தோஷத்தில் இனிப்புக் கச்சாயப் பொட்டலத்தோடு வந்தார். முதலாளி காகிதத்தைக் காட்டினார். அக்கா என் பக்கம் திரும்பி, "தம்பி லீவுன்னுதானே படிச்சுது?" என்றார்.

"இதுல இருக்கறதத்தானுங்க படிச்சேன்" என்றேன், மடிப்பிலிருந்து தலை தூக்காமல்.

"அப்ப எங்காதுதான் கெட்டுப்போச்சாட்ட இருக்குது" என்றவர், பொட்டலத்தை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அதை நான் பிரிக்கவேயில்லை.

பிறகு அவர் பழைய கால் மிஷின் ஒன்றை வாங்கி, கட்பீஸ் துணியில் குழந்தைச் சட்டை தைத்துச் சந்தையில் விற்றார். சில வருஷத்தில் வீட்டில் நாலு மிஷின் ஓடியது. பெரியவளே, நீ பிறந்தபோது ஆறு சட்டை கொண்டுவந்தார். அவற்றைப் போட்டுத்தான் நீ தவழ்ந்தாய்.

"அங்கயே கெடந்திருந்தா இன்னும் கைமடிச்சுட்டுத்தான் இருப்பேன். எல்லாம் நல்லதுக்குத்தான் கண்ணு" என்றார். இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு வெகுகாலம் நிம்மதியாகத் தூங்கினேன். அவர் நிமிர்ந்தது அவர் கையால். நான் செய்தது நான் செய்ததாகவே இருக்கிறது. அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சட்டைகளை வாங்கிக்கொண்டு, "காப்பி குடிங்கக்கா" என்றேன்.

இப்போது அக்கா இல்லை. கம்பெனி இருந்த இடத்தில் பைக் ஷோரூம். ரேஷன் கடையில் நாலாவது தடவை ரேகை விழுந்தது. "போதுமுங்க" என்றது அந்தப் பெண். மையே படாத விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தேன்.