சூடம் அணைத்து வாங்கிய விசா

கங்கையம்மனை நம்பி வாழும் சொந்தங்களே, போன ஆவணியில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. அறுபது நாளுக்குள் உன் விசாவுக்குப் பொறுப்பேற்கும் வேறொரு முதலாளியைத் தேடிக்கொள், இல்லாவிட்டால் நாட்டை விட்டுக் கிளம்பு என்பது அதன் சாரம். நான் அப்போது இங்கிலாந்தில் ஒரு வாடகை அறையில் இருந்தேன். கருங்குழியில் எங்கள் வீட்டுப் பத்திரம் அடகில் இருந்தது. செங்கல்பட்டில் பதினான்கு வருடம் பார்த்த ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டுப் போயிருந்தேன். கடிதத்தைக் கையில் வைத்தபடி கட்டிலில் உட்கார்ந்தவள் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.

அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியவர் முன்பின் தெரியாத ஏஜென்ட் என்றால் தலையெழுத்து என்று விட்டிருப்பேன். அவர் நம்மில் ஒருவர். ஆடிதோறும் கூழ் வார்க்கும்போது முதல் மூட்டை கேழ்வரகு அவருடையது. சம்பத் அண்ணன் என்று சொன்னால் எங்கள் வெள்ளிக்கிழமை வழிபாட்டுக் குழுவில் எல்லோருக்கும் தெரியும். இங்கிலாந்தில் முதியவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் கம்பெனி வைத்திருந்தார்.

அதற்கு முந்தைய வருட ஆடியில், கூழ் வார்க்க ஊருக்கு வந்தவர் என்னைக் கூப்பிட்டார். "தங்கச்சி, எங்கிட்ட லைசென்ஸ் கீது. வெளிநாட்டு ஆளுங்கள நானே ஸ்பான்சர் பண்ணலாம். நீ ஒரு மாசத்துல ரெடியாவு" என்றார். பொய் இல்லை, லைசென்ஸ் அவரிடம் உண்மையிலேயே இருந்தது. வேலையில் எத்தனை மணி நேரம், எழுத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்கத்தான் நினைத்தேன். அதற்குள் அவர் கங்கையம்மன் கோயில் வாசலில் சூடத்தை ஏற்றிவிட்டார். "உனுக்கு வேல இல்லன்னு ஒரு நாள் கூட ஆவாது. இது அம்மா மேல சத்தியம்" என்று உள்ளங்கையால் சூடத்தை அணைத்தார்.

அதற்குப் பிறகு காகிதம் கேட்டால் அம்மனையே சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடாதா? நம் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. ஆஸ்பத்திரியில் ஒரு மாத்திரையைக் கூட சீட்டு இல்லாமல் கொடுக்காதவள் நான். வாழ்க்கையைச் சீட்டு இல்லாமல் கொடுத்தேன்.

அவர் இன்னொரு சூடத்தையும் ஏற்றினார். "நீயும் அணை. இன்னா ஆனாலும் என்ன வுட்டுக் குடுக்க மாட்டேன்னு சொல்லு" என்றார். கூடப் பிறந்தவர் கேட்பது போலத்தான் எனக்குத் தோன்றியது. நானும் அணைத்தேன்.

ஒரு மாதம் என்றது இழுத்துக்கொண்டே போய், தை மாதம்தான் விமானம் ஏறினேன். என் அறையில் மொத்தம் மூன்று பேர். மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் வேலை பார்த்த செல்வி, அணுபுரம் பக்கத்து ஜெயந்தி, நான். மூவரும் அவர் கொண்டுவந்தவர்கள். மூவருமே சூடம் அணைத்தவர்கள். முதல் மாதம் வேலை வரவில்லை. இரண்டாம் மாதம் வாரத்துக்கு ஒரு நாள் வந்தது. ஒரு வயதான வெள்ளைக்காரரைக் குளிப்பாட்டிச் சாப்பாடு கொடுத்து, அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் சம்பளச் சீட்டில் நாங்கள் வாரம் முழுக்க உழைத்ததாக அச்சாகி வந்தது.

அங்கே போன பிறகுதான் விசா விவகாரத்தை ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். வெளிநாட்டு ஆளை எடுக்கும் முதலாளி அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும். இந்த ஆளுக்கு இன்ன வேலை, இத்தனை மணி நேரம், இன்ன சம்பளம் என்று சொல்லி ஆளுக்கு ஒரு ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அந்தச் செலவு முதலாளியுடையது. அதைத்தான் சம்பத் அண்ணன் எங்கள் மூவரிடமும் 'விசா செலவு' என்று வாங்கியிருந்தார். எங்கள் விசா அவர் கம்பெனியோடு கட்டப்பட்டது. அவர் லைசென்ஸ் போனால் எங்கள் இருப்பும் போய்விடும்.

ஆனியில் விசா அதிகாரிகள் விசாரிக்க வருவதாகத் தகவல் வந்தது. அண்ணன் அறைக்கே வந்துவிட்டார். "வாரம் ஃபுல்லா வேல செஞ்சோம்னு சொல்லிடுங்க, அவ்ளோதான்" என்றார்.

"செய்யலியே அண்ணே" என்றேன்.

"சாமி முன்னாடி சத்தியம் பண்ணிக்கீற. மறந்துட்டியா?"

செருப்பால் அடித்திருந்தால் கூட அப்படி வலித்திருக்காது. எந்தச் சத்தியத்தை நம்பி நான் கடல் தாண்டினேனோ, அதையே எடுத்து என் வாயை அடைக்கப் பார்த்தார்.

அன்று ஊர்க் கோயிலிலிருந்து கொண்டுவந்த குங்குமப் பொட்டலத்தை எதிரில் வைத்துக்கொண்டு நான் செய்தது வேண்டுதல் இல்லை, சண்டை. உன் வாசலில் வைத்துத்தானே என்னை ஏமாற்றினான், நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தாய் என்று திட்டினேன். வாக்கை மீறினால் பாவம், பொய் சொன்னாலும் பாவம், இரண்டில் எதைச் சுமக்கட்டும் என்று நீயே சொல் தாயே என்று கேட்டேன். பொய்யாகச் சொல்ல மாட்டேன், அப்போது எந்தக் குரலும் கேட்கவில்லை.

மறுநாள் என் கணவர் முருகேசன் போன் செய்தார். சிங்கப்பெருமாள் கோயில் வழியாக ஆலைக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்ஸை ஓட்டுபவர். அதிகம் பேசத் தெரியாதவர். நடந்ததை எல்லாம் சொன்னேன். "இன்னா பைத்தியமா நீ? அவன் மொதல்ல பண்ண சத்தியம் இன்னா ஆச்சி? அவன் திருட்டுத்தனத்துக்கு அம்மாவ இன்னாத்துக்கு வாட்ச்மேனா நிக்க வெக்கிற? உள்ளத சொல்லு. வூடு போனா போவட்டும்" என்றார்.

அதுதான் எனக்கு வந்த பதில். அம்மன் என் கணவர் வாயால் பேசினாள் என்று நம்புகிறேன், நீங்கள் சிரித்தாலும் சரி. அதிகாரிகளிடம் உள்ளதைச் சொன்னேன். எந்த நாள் வேலை செய்தேன், எத்தனை மணிக்குப் போனேன், வந்தேன் என்று டைரியில் தமிழில் குறித்து வைத்திருந்தேன். அதையும் காட்டினேன்.

லைசென்ஸ் ரத்தானது. மூவருக்கும் அந்தக் கடிதம் வந்தது. செல்வி என் மேல் பாய்ந்தாள். "நீ வாய மூடிகினு இருந்தா நாங்களாவது பொழைச்சிருப்போம்!" என்று கத்தினாள். ஜெயந்தி என்னோடு பேசுவதையே நிறுத்தினாள். ஒரே அடுப்பில் சமைத்து, தனித்தனியாகச் சாப்பிட்டோம். துரோகம் செய்தவர் போனை எடுக்கவில்லை. அறையில் துரோகி என்ற பெயர் எனக்கு.

தினமும் காலையில் பொட்டு வைத்துக்கொண்டு, லைசென்ஸ் உள்ள கம்பெனிகளின் அரசாங்கப் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றுக்கும் எழுதினேன். பாதிப் பேர் பதில் போடவில்லை. மீதிப் பேர் நாங்கள் ஸ்பான்சர் செய்வதில்லை என்றார்கள். முப்பது நாள் போனது. நாற்பது நாள் போனது. ஊருக்குப் போக டிக்கெட் விசாரிக்க ஆரம்பித்தேன்.

நாற்பத்தோராம் நாள், வெள்ளிக்கிழமை. தெரியாத எண்ணிலிருந்து ஒரு பெண் பேசினார். நான் குளிப்பாட்டிவிட்ட அந்தப் பெரியவரின் மகள். "அப்பா உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். உங்கள் கம்பெனியை மூடிவிட்டார்களாமே, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?" என்றார். அவர் பக்கத்து ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் பொறுப்பில் இருக்கிறார். அந்த இல்லத்துக்கு லைசென்ஸ் உண்டு. இரவில் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தார்கள்.

இல்லத்தின் உரிமையாளர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "விசாரணையில் நீ என்ன சொன்னாய்?" டைரியை நீட்டினேன். ஒவ்வொரு பக்கமாக நான் மொழிபெயர்க்க, அவர் பொறுமையாகக் கேட்டார். அன்று பொய் சொல்லியிருந்தால் அந்தக் கதவு என் முகத்தில் மூடியிருக்கும். புதிய சான்றிதழுக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று நான் கேட்டபோது, "அது எங்கள் செலவு. நீ ஏன் கேட்கிறாய்?" என்று ஆச்சரியப்பட்டார். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. ஊர் பேர் தெரியாத ஒருவர் சட்டப்படி நடந்துகொண்டார். என் அண்ணன் நடக்கவில்லை.

ஐம்பத்தேழாம் நாள், கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது, என் புது விசா விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. செல்விக்கும் அங்கேயே வேலை கேட்டேன், கிடைத்தது. முதல் நாள் வேலை முடிந்து வந்தவள் என் தட்டில் சோறு போட்டாள். மன்னிப்பு கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஜெயந்திக்குக் கிடைக்கவில்லை. அவள் திரும்பிப் போனாள். அந்தக் குறை எனக்கு இன்றும் இருக்கிறது.

இந்த ஆடியில் லீவில் வந்தேன். பத்திரம் இன்னும் அடகில்தான் இருக்கிறது, ஆனால் வட்டி தவறாமல் போகிறது. கூழ் வார்க்கும் அன்று கோயிலுக்குப் போனால் சம்பத் அண்ணன் மாலையும் கழுத்துமாக முன்வரிசையில் நிற்கிறார். இப்போது வேறு நாடு, வேறு கம்பெனிப் பெயர். அவர் பக்கத்தில் கையில் பாஸ்போர்ட்டோடு எங்கள் பக்கத்துத் தெருப் பெண் கௌரி.

"தங்கச்சி, நல்லா கீறியா?" என்று சிரித்தார்.

நான் அவரிடம் பேசவில்லை. கௌரியிடம் கேட்டேன்: "எத்தினி மணி நேரம் வேலன்னு எழுதிக் குடுத்தாரா? செலவு யாருதுன்னு கேட்டியா?"

"சாமி முன்னாடி சண்டை வாணாம்" என்று குழுத் தலைவர் என் கையைப் பிடித்தார். எல்லோரும் என்னைத்தான் முறைத்தார்கள். கௌரி மட்டும் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பாஸ்போர்ட்டைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். "எழுதிக் குடுங்க அண்ணே, அப்பறம் பாக்கலாம்" என்றாள். இன்றுவரை அவர் எழுதிக் கொடுக்கவில்லை.

சொந்தங்களே, கஷ்டத்தில் அவளைக் கூப்பிடுங்கள். திட்டியாவது கூப்பிடுங்கள், அவள் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் அவள் பெயரைச் சொல்லி உங்கள் வாயை அடைக்க வருகிறவரிடம் தைரியமாகக் கேள்வி கேளுங்கள். கேட்பது அவநம்பிக்கை இல்லை. ஜெயந்திக்கு ஒரு நல்ல வழி பிறக்க எல்லோரும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள். சம்பத் அண்ணனுக்காகவும் வேண்டச் சொல்லிக் குழுவில் சிலர் என்னைக் கேட்டார்கள். என்னால் முடியவில்லை. அதையும் தாயிடமே சொல்லிவிட்டேன்.