வலது கை வாட்ச்

"அசையாம பிடிம்மா, திருகு எகிறிடும்."

சமையலறை மேசையில் அம்மாவின் வாட்சுக்கு பாட்டரி மாற்றிக்கொண்டிருந்தாள் மகள். மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்ப்பவள். டார்ச் பிடித்த அம்மாவின் கை நிலைகொள்ளவில்லை. வாய் ஓய்ந்தால்தானே கை ஓயும்.

அம்மாவுக்குக் கர்ப்பிணிகள் பிரிவில் ஆலோசகர் வேலை. எச்.ஐ.வி. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் பேச வேண்டும். வாயாடச் சம்பளம் தருகிற இடம் அது ஒன்றுதான் என்று மகள் சீண்டுவாள்.

'பாசிட்டிவ்' என்ற சொல்லை மட்டும் அம்மா எடுப்பதில்லை. முன்பொரு முறை சொன்னபோது, எதிரே இருந்த பெண், "ஆமாக்கா, வீட்லயே டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டோம். அவருக்கு ஒரே சந்தோஷம்" என்று வெட்கத்தோடு சிரித்தாளாம். அன்றிலிருந்து மருந்தில்தான் தொடக்கம்: "ஒரு மாத்திரை இருக்கும்மா. விடாம சாப்பிட்டா பிள்ளைக்குப் போகாம பாத்துக்கலாம். எதுக்குன்னு சொல்றேன், முதல்ல தண்ணி குடி."

கணவன்மாரும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். அவர்களிடம் இந்தப் பதமெல்லாம் கிடையாது. "எனக்கா பிரசவம்?" என்று நழுவுகிறவனிடம், "பிள்ளையில பாதி உன்னோடதுதானே? ஊசியிலயும் பாதி வாங்கிக்கோ" என்பாள்.

மனைவி கர்ப்பமாக இருந்தும் தெருமுனைத் தையல்காரர்தான் மசியவில்லை. நாள் முழுக்க ஊசியோடு வாழ்கிறவருக்கு ஊசியென்றால் நடுக்கம்.

"அதான் அவளுக்கு இல்லைன்னு வந்துடுச்சேக்கா."

"அவ அளவை வச்சு உனக்குச் சட்டை தைப்பியா? உனக்கு இருந்து, இனிமே அவளுக்கு ஒட்டிக்கிட்டா, வயித்துல இருக்கறதுக்கும் போகும்யா."

"அடுத்த வாரம் வரேன்."

அவருக்கு எல்லாமே அடுத்த வாரம்தான், அம்மா தைக்கக் கொடுத்த துணி உட்பட.

முள் ஓடத் தொடங்கியதும் அம்மா வாட்சை வலது கையில் கட்டினாள். வேலை பாக்கி இருந்தால் வாட்ச் கை மாறும். முடித்த பிறகே இடக்கைக்குத் திரும்பும்.

"நாளைக்கு அந்த ஆளைக் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வரேன் பாரு."

"கத்தரிக்கோலோட நிப்பாரும்மா, ஜாக்கிரதை."

காலையில் அம்மா எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார் மருத்துவர்.

துக்கம் கேட்கத் தையல்காரர் வந்தார், கையில் ஒரு பொட்டலத்தோடு. "அக்கா துணி. தச்சுட்டேன்" என்றார்.

மகள் உள்ளே போனாள். வாட்ச் பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது. வாரில் அம்மா மாட்டும் ஓட்டை அவளுக்குத் தொளதொளத்தது. அடுத்த ஓட்டையில் இறுக்கி, வலது கையில் கட்டிக்கொண்டு, வந்து அவர் எதிரே உட்கார்ந்தாள்.