எதில் வளர்த்தீர்கள் சார்?

அமுதவல்லி போய்விட்டாள் என்ற செய்தி எங்கள் துறையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அனுப்பியவர் துறைத்தலைவர். ஈடு செய்ய முடியாத இழப்பு என்று எழுதி, கைகூப்பும் படமும் போட்டிருந்தார். சித்தூரிலிருந்து திருப்பதிக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்த எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது.

அமுதாவின் மாணவர்களுக்கு அவள் வேலை தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நம் உயிரணுக்களுக்கு ஆற்றல் தருவது மைட்டோகாண்ட்ரியா. அதன் சவ்வில் உள்ள ஒரு கொழுப்பு பழுதானால் பச்சைக் குழந்தையின் இதயம் தளர்ந்துபோகும். அதே பழுதை ரொட்டிக்குப் போடும் ஈஸ்டில் உண்டாக்கி, அதற்கு மருந்து தேடினாள். வருடக்கணக்கில் அதுவே அவள் பிழைப்பு.

அவள் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தபோது தலைவர் அந்த ஈஸ்டைத் தன் ஆய்வகத்துக்கு அள்ளிக்கொண்டு போனார். கேட்டதற்கு, எல்லாம் துறையின் சொத்துதானேம்மா என்றாராம். சில மாதங்களில் மருந்தைக் கண்டுபிடித்துவிட்டதாகவும் அறிவித்தார். பக்கத்து ஆய்வகத்துக்காரியான நான் புகார் கொடுக்கலாம் என்று குதித்தேன். சித்தூர் பக்கத்துப் புத்தலப்பட்டுக்காரி அமுதா சிரித்தாள்.

"சக்கரையில வளத்துக்கினு கீறாரு கோமதி. சக்கரைய தின்ன மைட்டோகாண்ட்ரியா தேவையில்ல, நோவு புடிச்ச ஈஸ்ட்டும் நல்லாதான் வளரும். கிளிசரால தின்ன அது வேணும், அதுல போட்டாதான் வண்டவாளம் தெரியும். வுடு, மேடை ஏறட்டும்."

ஏறினார். வெளியூர் விருந்தினர்கள் நிறைந்த கருத்தரங்கில், மருந்து போட்ட ஈஸ்ட் எப்படிச் செழித்திருக்கிறது பாருங்கள் என்று படம் காட்டினார். கடைசி வரிசையிலிருந்து எழுந்த அமுதா தெலுங்கில், மிகப் பணிவாக, எதில் வளர்த்தீர்கள் சார் என்று மட்டும் கேட்டாள். குளுக்கோஸில் என்றார் பெருமையாக. ஒப்பிட்டுப் பார்க்க மருந்து போடாமல் வளர்த்த தட்டைக் காட்டச் சொன்னார் ஒரு விருந்தினர். அப்படி ஒன்று அவரிடம் இல்லை. அன்று மதியச் சாப்பாட்டுக்கு அவர் வரவில்லை. நான் இரண்டாவது முறை பாயசம் வாங்கிக் குடித்தேன்.

அதற்குப் பழியாக, சாகும்வரை அவளுக்குப் பதவி உயர்வு வரவிடாமல் பார்த்துக்கொண்டார். அவள் அசரவில்லை. கடைசி வருடத்தில், மறுபடி உண்டாக்கிய நோயுற்ற ஈஸ்டைக் கிளிசராலிலேயே வளர வைத்த மருந்து ஒன்றைக் கண்டுவிட்டாள். இப்போது இரங்கல் கூட்டத்தில் அவளுடைய படத்தைத் திறந்து வைக்கப்போவது அதே தலைவர்தான். அந்த மருந்து தானும் அவளும் சேர்ந்து செய்த ஆய்வு என்று பேசப்போகிறாராம். அந்த ஈஸ்டைக் கேட்டு என்னிடம் ஆளும் அனுப்பினார்.

கொடுக்கவில்லை. அது என் ஃப்ரீசரில் இருக்கிறது, சாவி என் கைப்பையில். அமுதா எனக்கு விட்டுப்போனது அந்த ஈஸ்டும் அந்தக் கேள்வியும்தான். அவர் மேடை ஏறட்டும். கடைசி வரிசையில் அவள் உட்காரும் நாற்காலியில் நான் இருப்பேன்.