பூட்டின ரூமோட ஒரு டபுள் பெட்ரூம்

எங்க வீட்ட விக்கறதுக்கு புரோக்கர் போன்ல போட்ட விளம்பரத்துல மொத வரி, ‘டபுள் பெட்ரூம், ரெண்டாவது மாடி, கோபுர வியூ’. மூணுமே நெசந்தான், ஆனா மூணுலயும் கொஞ்சம் பொய் இருக்குது. கோபுரம் தெரியணும்னா பாத்ரூம் ஜன்னல்ல தலைய விட்டு இடது பக்கம் திரும்பணும். முன்னாடி ஹால்ல இருந்தே தெரிஞ்சுது. எதிர்ல லாட்ஜ் கட்டுனாங்க, போயிடுச்சு. ரெண்டாவது மாடிக்கு லிஃப்ட் இருக்குது, ஓடுற நாளுதான் கம்மி. பெட்ரூம் ரெண்டுதான். ஆனா அதுல ஒண்ணு பூட்டி இருந்துச்சு. நாங்கதான் பூட்டுனோம். எங்கம்மா அந்த ரூம்லதான் செத்துப் போச்சு.

ஒரகடம் பக்கத்துல ஒரு கம்பெனி கேன்டீன்ல சப்பாத்தி போட்டு போட்டு எங்கம்மா வாங்குன வீடு இது. அதுக்கு முன்னாடி நாங்க காலனில இருந்தோம். அப்பா இல்ல, சின்ன வயசுலயே போயிட்டாரு. அண்ணன் கல்யாணம் ஆகி தாமல்ல இருக்குது, லோடு ஆட்டோ ஓட்டுது. ஃப்ளாட்டுக்கு வந்தப்புறம் யாரனா ‘எங்கமா உங்க வீடு’ன்னு கேட்டா அம்மா ‘ரெண்டாவது மாடி’ன்னு மட்டும் சொல்லும். தெரு கேட்டாக்கூட மாடியத்தான் சொல்லும். அத சொல்றப்ப அம்மா மூஞ்சிய பாக்கணும்.

அன்னிக்கு அம்மாவுக்கு லீவு. நான் கடைக்குப் போயிட்டேன். பட்டுப் பொடவ கடையில சேல்ஸ்ல இருக்கேன். மத்தியானம் அம்மா, மாருல ஒரு மாதிரி இருக்குதுன்னு கீழ் வீட்டு அம்மாகிட்ட சொல்லிட்டுப் போய் படுத்துருக்குது. நான் வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு. நான் உள்ள ஓடறேன், கீழ் வீட்டு அம்மா காலண்டர் தாளப் பாத்துக்கினு நிக்கறாங்க. அவங்க வீட்ல தெலுங்கு பேசுவாங்க, நல்லவங்கதான். என்ன கட்டிப் புடிச்சு அழுதாங்க, அழுதுக்கினே காதுல சொன்னாங்க, “அவிட்டம்டி. அவிட்டத்துல போயிட்டாங்க. அடைப்பு.”

எனக்கு ஒண்ணும் புரியல. பெரியப்பா வந்துதான் சொன்னாரு. சில நட்சத்திரத்துல செத்தா உசிரு வீட்ட விட்டுப் போவாதாம். பொணத்த வாசப்படி வழியா எடுக்கக் கூடாது, செவுத்த ஒடைச்சு எடுக்கணும். அப்புறம் செத்த ரூம ஆறு மாசம் பூட்டிப் போட்டு, கதவு முன்னாடி தெனம் விளக்கும் தண்ணியும் வெக்கணும். அதுக்குப் பேருதான் அடைப்பு. காலனி வீடா இருந்தா செவுத்த இடிச்சுட்டு மறுநாளு பூசிடலாம். இது ஃப்ளாட்டு. கொத்தனார் கடப்பாறையோட ஏறி வந்ததும் அசோசியேஷன் செக்ரட்டரி பின்னாடியே ஓடி வந்தாரு.

“இன்னா பண்றீங்க? செவுரு எல்லாருக்கும் பொது. அதுல கை வெக்கக் கூடாது.”

“பொணம் போவணும் சார்,” பெரியப்பா சொன்னாரு.

“லிஃப்ட் இருக்குதில்ல?”

“லிஃப்டு ஓடுதா?”

செக்ரட்டரி லிஃப்ட் பக்கம் திரும்பிப் பாத்தாரு. அப்புறம் பால்கனி பக்கத்து செவுத்துல ஒரே ஒரு செங்கல் பேத்துக்கலாம்னு ஒத்துக்கினாரு. அதுக்கு மேல ஒரு செங்கல் பேத்தாலும் போலீஸுக்குப் போவேன்னாரு. எங்கம்மா அங்க படுத்துக்கினு இருக்குது, இவங்க செங்கலுக்கு பேரம் பேசறாங்க. எனக்கு சிரிப்பு வந்துச்சு.

ஒரு செங்கல் பேத்தாங்க. “உசிரு இதால போயிடும். ஒடம்பு எதால போனா இன்னா”ன்னு பெரியப்பா சொன்னாரு. ஒடம்பு வாசப்படி வழியாத்தான் போச்சு. படிக்கட்டு வளைவுல பாடை திரும்பல, சேர்ல உக்கார வெச்சுக் கட்டி எறக்குனாங்க.

அதுக்கப்புறம் நான் ஒண்டியா இருந்தேன். இன்னொரு ரூம் இருந்தும் ஹால்லதான் படுத்துப்பேன். கடையில இருந்து வந்ததும் விளக்கேத்தி, சொம்புல தண்ணி மாத்தி, பூட்டின கதவுகிட்ட உக்காந்துக்கினு இருப்பேன். அன்னிக்கு வந்த கஸ்டமர் யாரு, இன்னா கலர் கேட்டாங்க, எல்லாம் சொல்லுவேன். முன்னாடியும் அப்படித்தான் சொல்லுவேன், அம்மா மாவு பெசைஞ்சுக்கினே கேக்கும். மறுநாளு தண்ணி கொறைஞ்சிருக்குதான்னு பாப்பேன். கொறைஞ்சிருக்கும். ஃபேன் காத்துக்குக் கொறைஞ்சுதோ இன்னாவோ. எனக்கு கொறைஞ்சாப் போதும்.

காரியம் முடிஞ்சு கொஞ்ச நாள்லயே அண்ணன் வந்துச்சு.

“பாப்பா, வீட்ட குடுத்துடலாம்.”

“எதுக்குணா?”

“எதுக்குன்னா? வயசுப் பொண்ணு ஒண்டியா மாடில இருக்குதுன்னு நாலு பேரு பேசறான். நீ என் கூட வந்துடு. உன் பங்க உன் கல்யாணத்துக்கு போட்டுடறேன்.”

“அடைப்பு முடியட்டும்ணா. அதுவரைக்கும் விளக்கு யாரு வெக்கறது?”

அண்ணன் விளக்கப் பாத்துட்டு எழுந்து போயிடுச்சு. ஆறு மாசத்துக்கு என்ன யாரும் அங்க இருந்து எழுப்ப முடியாதுன்னு அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் அந்த பூட்டதான் நம்பிக்கினு இருந்தேன். ஆனா அண்ணன், விக்கறதுக்கு எப்பிடியும் நாளாவும், ஆளுங்க வந்து பாக்கட்டும்னு புரோக்கர அனுப்பிடுச்சு.

புரோக்கர் வந்து மொதல்ல பாத்தது பால்கனிய. செங்கல் பேத்த எடத்துல சிமெண்ட் பூசி இருந்துச்சு, கலரு ஒட்டல.

“இது இன்னா தங்கச்சி?”

சொன்னேன். தலையில கை வெச்சுக்கினாரு. “யாருனா கேட்டா ஏசி பைப்புக்கு விட்ட ஓட்டன்னு சொல்லு. ரூம் சாவி அண்ணன்கிட்ட இருக்குதுன்னு சொல்லு. விளக்க எடுத்து கிச்சன்ல வெச்சுடு.”

“விளக்க எடுக்க மாட்டேண்ணா.”

“சரி, சாமி விளக்குன்னு சொல்லு.”

“பூட்டின கதவுக்கு யாருணா சாமி விளக்கு வெப்பாங்க?”

“நீ பேசவே பேசாத. நான் பேசிக்கறேன்.”

மொதல்ல முசரவாக்கத்துல இருந்து ஒரு குடும்பம் வந்துச்சு. புருஷன் பொண்டாட்டி, கூட மாமியாரு. புரோக்கர் ஜன்னலத் தொறந்து, “அமைதியான ஏரியா சார், பக்கத்துலயே கோயில், பஸ் ஸ்டாண்டு”ன்னு சொல்லிக்கினு இருக்கறாரு, பின்னாடி சந்துல தறி ஓடற சத்தம் டக்கு டக்குன்னு கேக்குது. அந்த மாமியாரு எதையும் பாக்கல. நேரா வந்து விளக்கு முன்னாடி நின்னாங்க. சொம்பப் பாத்தாங்க, பூட்டப் பாத்தாங்க.

“எந்த நட்சத்திரம்?” என்னப் பாத்துக் கேட்டாங்க.

“அவிட்டம்.”

“யாரு?”

“அம்மா.”

என் கன்னத்தத் தடவிட்டு, வெளிய போய் செருப்ப மாட்டிக்கினாங்க. அவங்க போனதும் புரோக்கர் என்னத் திட்டுனாரு. நான் உள்ளுக்குள்ள சந்தோசமா இருந்தேன்.

அடுத்து வந்தவரு பால்கனிலயே நின்னுட்டாரு. புரோக்கர், “ஏசி ஓட்ட சார்”ன்னாரு. அவரு குனிஞ்சு பாத்து, “ஏசிய கால்கிட்டயா மாட்டுவீங்க?”ன்னு கேட்டாரு. அப்புறம் புரோக்கர தனியா கூட்டிக்கினுப் போய், “இவங்க இன்னா ஆளுங்க”ன்னு கேட்டாரு. மெதுவாத்தான் கேட்டாரு, எனக்குக் கேட்டுச்சு. எங்கம்மா மாடிய மட்டும் சொன்னது இதுக்குத்தான். அவரும் போயிட்டாரு. அப்புறமும் ஆளுங்க வந்தாங்க, எல்லாரும் “வீடு நல்லா இருக்குதுமா”ன்னு சொல்லிட்டுப் போனாங்க. கடையிலயும் அப்படித்தான். நாம பிரிச்சுப் போடப் போட ‘நல்லா இருக்குது, நல்லா இருக்குது’ன்னு சொல்றவங்க வாங்க மாட்டாங்க. காபி குடிச்சுட்டுப் போயிடுவாங்க. பார்டர்ல நூல் தூக்கி இருக்குது, கலரு டல்லு, முந்தி சின்னதுன்னு கொற சொல்றாங்க பாரு, அவங்கதான் பில்லு போட்டுக்கினுப் போறவங்க.

ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம் ஒரு புருஷன் பொண்டாட்டி வந்தாங்க. சர்ச்சு முடிஞ்சு நேரா வந்துருந்தாங்க, அந்தக்கா கையில பைபிள் இருந்துச்சு. உள்ள வந்ததுல இருந்து கொறதான். “இன்னாபா, கொழாய் எல்லாம் துரு”ன்னாரு அவங்க வீட்டுக்காரரு. “கிச்சன்ல வெளிச்சமே இல்ல”ன்னாங்க அந்தக்கா. ஷெல்ஃப் கதவத் தொறந்து மூடிப் பாத்தாங்க, கரையான் இருக்குதான்னு தட்டிப் பாத்தாங்க. ஒவ்வொண்ணா சொல்லச் சொல்ல, இவங்கதான் வாங்கப் போறாங்கன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

“அந்த ரூம காட்டுங்க”ன்னாரு வீட்டுக்காரரு.

“சாவி அண்ணன்கிட்ட இருக்குது சார்,” புரோக்கர் ஆரம்பிச்சாரு.

அவரு முடிக்கறதுக்குள்ள நான் பூந்துட்டேன். “எங்கம்மா அந்த ரூம்லதான் செத்துப் போச்சு. அடைப்பு. ஆறு மாசம் தொறக்கக் கூடாது. பால்கனில இருக்கறது ஏசி ஓட்ட இல்ல, உசிரு போறதுக்கு பேத்தது.” எல்லாத்தையும் கொட்டிட்டேன். இப்ப திரும்பிப் போயிடுவாங்கன்னு பாத்தேன். புரோக்கர் செவுத்துல சாஞ்சுட்டாரு.

அந்தக்கா பைபிள டேபிள் மேல வெச்சுட்டு வந்து என் கையப் புடிச்சாங்க. “அய்யோ, எப்பமா?”ன்னு கேட்டாங்க. இன்னா வயசு, இன்னா வேல பண்ணாங்கன்னு எல்லாம் கேட்டாங்க. அத்தன நாள்ல வீடு பாக்க வந்தவங்க யாரும் எங்கம்மாவப் பத்திக் கேட்டதில்ல. அழுதுட்டேன். அவங்களும் கண்ணத் தொடச்சுக்கினாங்க. அப்புறம் சொன்னாங்க, “எங்களுக்கு அந்த மாதிரி எதுவும் இல்லமா. ஃபாதர வெச்சு ஜெபம் பண்ணிட்டு குடி வந்துடுவோம். அம்மாவுக்காகவும் ஜெபம் பண்றோம்.”

இவங்கள எப்படி நான் வெறுக்கறது?

சாயங்காலம் அண்ணன் வந்துச்சு. “அவங்க ரூம் பாக்காம அட்வான்ஸ் குடுக்க மாட்டாங்களாம். தொறந்துடலாம் பாப்பா.”

“ஆறு மாசத்துல பாதி கூட ஆவல. அம்மா உள்ள இருக்குதுணா.”

“உள்ள இருக்குதுன்னா எனக்கு மட்டும் அம்மா இல்லையா? எனக்கு மட்டும் ஆசையா அதத் தொரத்தணும்னு?” அண்ணன் கத்துச்சு. அப்புறம் ஷூ போடற ஸ்டூல்லயே உக்காந்து அழுதுச்சு. கொஞ்சம் அடங்குனதும் கேட்டுச்சு, “சரி, நீ சொல்ற மாதிரியே ஆறு மாசம் இருக்கலாம். அன்னிக்குத் தொறப்பல்ல? தொறந்துட்டு இன்னா பண்ணுவ?”

விளக்கு வெச்ச நாள்ல இருந்து நான் அந்த ஆறு மாசத்தத் தாண்டி ஒரு நாள் கூட யோசிக்கல.

மறுநாளு அவங்க வந்தாங்க. அண்ணன்தான் பூட்டத் தொறந்துச்சு. அந்த ரூம்ல எங்கம்மா எண்ண, பவுடர், மாவு எல்லாம் கலந்து ஒரு வாசனை இருக்கும். பூட்டி வெச்சதால அது அப்படியே இருக்கும்னு நெனச்சுக்கினு இருந்தேன். ஒண்ணுமே இல்ல. செவுத்துல ஈரம் ஏறி, சுண்ணாம்பு வாசனைதான் அடிச்சுது. மெத்தையில பூஞ்ச. தலகாணி ஒறையில பல்லி முட்ட. அம்மா படுத்த பள்ளம் மெத்தையில இருக்குமான்னு தேடுனேன், தெரியல. நான் தெனம் சாயங்காலம் வெறும் கதவுகிட்டதான் பேசிக்கினு இருந்துருக்கேன்.

அந்தக்கா ஜன்னலத் தொறந்து விட்டாங்க. தறி சத்தம் உள்ள வந்துச்சு. அவங்க வீட்டுக்காரரு பைல இருந்து அளவு டேப்ப எடுத்தாரு. அண்ணன் மெத்தையச் சுருட்டிக்கினு இருந்துச்சு, புரோக்கர் போன்ல இருந்தாரு.

“இந்த முனைய கொஞ்சம் புடிமா,” அந்தக்கா கேட்டாங்க.

நான் போய் ஜன்னல் மூலையில குந்தி, டேப்பு முனைய செவுத்தோட வெச்சுப் புடிச்சேன். அவரு இழுத்துக்கினே கதவு வரைக்கும் போனாரு. “கட்டில் இப்படிப் போடலாம்ல?”ன்னு அந்தக்கா கேட்டாங்க.

“அப்படிப் போட்டா பீரோ கதவு தொறக்காதுக்கா,” நான் சொன்னேன். “தலைமாட்ட இந்தப் பக்கம் வெச்சாத்தான் எடம் வரும்.”

“அப்படியா? சரி, நல்லா அழுத்திப் புடி, ஆடுது.”

அழுத்திப் புடிச்சுக்கினேன்.