மீசை எடுத்த இன்ஸ்பெக்டர்

கோட்டுச்சேரிப் பக்கத்தில் லைன்மேன் பூமிநாதனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘இன்ஸ்பெக்டர்’தான். பத்து வருஷத்துக்கு முன்னால் வந்த ‘இன்ஸ்பெக்டர் மருதையன்’ படத்தின் கதாநாயகனுக்கும் இவருக்கும் ஒரே மாதிரி கெட்டி மீசை. இரண்டாம் பாகமும் ஓடு ஓடென்று ஓடியபின், இவர் கம்பத்தில் ஏறினால் கீழே நாலு பேர் செல்போனில் படம் பிடித்தார்கள். வெயிலில் மீசை வேர்த்து அரிக்கும். எடுத்துவிடலாமென்று வாய் திறந்தாலே மனைவி குஞ்சம்மா முறைப்பாள்.

மூன்றாம் பாகத்தில் ஆளை மாற்றிவிட்டார்கள். புது மருதையன் ஒல்லி, மழமழவென்ற முகம். முதல் நாளே டீக்கடை கமாலுதீனோடு காரைக்கால் தியேட்டருக்குப் போனார் பூமிநாதன். புது ஆள் ஜீப்பிலிருந்து இறங்கியதும் ஒரே கூச்சல்.

“யார்ரா இந்தத் தம்பி? ஸ்டேஷன்ல கம்ப்ளைன்ட் குடுக்க வந்தவனா?” என்று கத்தினார் கமாலுதீன்.

இடைவேளையில் யாரோ பூமிநாதனைப் பார்த்துவிட்டு, “அசல் இங்க உக்காந்திருக்காருடா!” என்றான். விசில் பறந்தது.

பூமிநாதனுக்கோ புது ஆளைப் பிடித்துப்போயிற்று. மீசையே இல்லாமல் எட்டுப் பேரை அடிக்கிறானே! வெளியே சொன்னால் அந்த எட்டுப் பேரில் தானும் ஒருவராகிவிடுவோம் என்று வாயை மூடிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சலூனுக்குப் போய் மீசையை வழித்துவிட்டார்.

வாசலில் குஞ்சம்மா, “யாருங்க? அவரு வெளிய போயிருக்காரு,” என்றாள். பிறகு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “ஏங்க, யார் மூஞ்சிங்க இது?”

“என்னுதுதான். உள்ள இருந்துச்சு.”

இரண்டு நாள் அவள் சுவரைப் பார்த்தபடியே சோறு போட்டாள். மண்டபத்தூரில் ஒரு வீட்டில் கரண்ட் இல்லையென்று போய்ச் சரிசெய்துவிட்டு வந்தார். அந்த வீட்டம்மா ஆபீசுக்கு போன் போட்டு, “யாரோ புதுப் பையன் வந்துட்டுப் போறாரு. எதுக்கும் பழைய லைன்மேன வந்து ஒருதரம் பாக்கச் சொல்லுங்க,” என்றாளாம். ஐம்பது வயதில் ‘புதுப் பையன்’! அதை மட்டும் பூமிநாதன் வீட்டில் நாலு தடவை சொன்னார்.

மூன்று வாரம் போயிற்று. திட்டுவதற்கென்றே இரண்டாம் தடவை படம் பார்த்த கமாலுதீன், மூன்றாம் தடவை சும்மாவே போய் வந்தார். “பய பரவால்லண்ணே. முதல்ல பழையவரு குரலே காதுல நின்னுச்சு. இப்ப இவன் பேசுனா இவன்தான் தெரியிறான்.”

ஆனாலும் குஞ்சம்மாவின் மனசுக்காக, மறுபடி வளர்க்கலாமென்று பூமிநாதன் நாலு நாள் சவரம் செய்யவில்லை. ஐந்தாம் நாள் காபி கொடுக்க வந்தவள் நின்றுவிட்டாள்.

“என்னங்க இது, அறுத்த வயலு கணக்கா? யாரோ மாதிரி இருக்கு. எடுத்துட்டு வாங்க.”

“நீதானடி மீசை வேணும்னு…”

“அது அப்ப,” என்றாள் குஞ்சம்மா.

காபியைக் குடித்துவிட்டு சலூனுக்கு வண்டியை எடுத்தார்.