மழை விட்டுரும்

எட்டாம் வகுப்புக்கு வருஷா வருஷம் கரும்பலகையில் ஒரு முக்கோணம் போடுவேன். இடது பக்கம் அரபிக்கடல், நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை, வலது பக்கம் பெங்களூர். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் முட்டி மேலே ஏறும், குளிரும், அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடும். நமக்கு வருவது மிச்சம் மீதிதான். மழை மறைவுப் பகுதி என்பது இதுதான், பரீட்சைக்கு வரும், எழுதிக்கொள்ளுங்கள் என்பேன்.

முக்கோணத்தின் உச்சியில் நான் எப்போதும் எழுதுவது குதுரேமுக். பக்கவாட்டில் பார்த்தால் குதிரையின் முகம் போல இருக்குமாம், அதனால் அந்தப் பெயர். இரும்பு கலந்த மிகப் பழைய பாறை, அதன்மேல் கொஞ்சம் மண், மண்மேல் புல். மலையின் மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு. மண் குடித்து முடித்ததும் மிச்சத் தண்ணீருக்கு நிற்க இடமில்லை, எல்லாம் ஓடைக்கு ஓடிவிடும். கணுக்கால் அளவு ஓடை கொஞ்ச நேரத்தில் ஆளைத் தூக்கும். இவ்வளவும் சொல்லுவேன். அந்த மலையை நான் நேரில் பார்த்ததே கிடையாது.

தம்பிக்கு அங்கே போகவேண்டும் என்று வெகுநாள் ஆசை. எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை, அங்கேயே பிஜி விடுதியில் தங்கல், ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்கு மட்டும் லிங்கராஜபுரத்தில் என் வீட்டுக்கு வருவான். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். அம்மா போனபிறகு அவனைத் திட்டுவதற்கு இருந்தது நான் ஒருத்திதான். அந்த வேலையைக் குறைவில்லாமல் செய்தேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் யாருக்கும் ழகரம் வராது. மழையை ‘மள’ என்போம். கன்னடத்திலும் மழைக்குக் கிட்டத்தட்ட அதே சொல்தான், அதனால் இந்த ஊரில் யாரும் எங்களைத் திருத்தியதில்லை. மலைக்கும் மழைக்கும் எங்கள் வாயில் இருக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். நேரில் பேசினால் அது கேட்கும்.

அன்று சனிக்கிழமை. ஆபீசில் வேலை இருக்கிறது என்று சொல்லியிருந்தான். மதியம் இங்கே திடீரென்று மழை பிடித்துக்கொண்டது, மொட்டைமாடியில் துணிகளை வாரிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஒரே கரகரப்பு.

“அக்கா, திட்டாத. மலயில இருக்கேன்.”

என் காதில் விழுந்தது ‘மளயில இருக்கேன்’. ரெயின்கோட்டை வழக்கம்போல இங்கேயே கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டுப் போயிருந்தான். அதற்குத்தான் திட்டுக்குப் பயப்படுகிறான் என்று நினைத்தேன். சிரிப்புத்தான் வந்தது.

“திட்டலடா. எங்கயாச்சும் ஒதுங்கி நில்லு. அவசரப்பட்டுக் கெளம்பாத. அரமணி நேரத்துல வுட்டுரும்.”

“நெஜமாவா? வுட்டுருமா?”

“வுட்டுரும்டா. நான் சொல்றேன்ல.”

அதோடு லைன் போய்விட்டது. இங்கே சொன்னபடியே அரைமணியில் மழை விட்டது. வெயில்கூட அடித்தது. நான் மறுபடி மாடிக்குப் போய்த் துணிகளை உலர்த்தினேன்.

சாயங்காலம் அவன் கூட்டாளி பேசினான். இறங்கும்போது ஓடையைக் கடக்கையில் தண்ணீர் தம்பியை இழுத்துக்கொண்டது என்றான். எந்த ஓடை, ஆபீசில் ஏது ஓடை என்று நான் முட்டாள்தனமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் உடல் கிடைத்தது.

நாற்பதாம் நாள் பூசை முடிந்து அந்தக் கூட்டாளி வீட்டுக்கு வந்தான். காபி ஆறிக்கொண்டிருந்தது. தலை நிமிராமல் பேசினான்.

“வழிகாட்ட வந்தவரு ஒடனே எறங்கலாம்னாருக்கா. இந்தப் பக்கம் மள புடிச்சா நிக்காது, ஓட ஏறிரும்னாரு. இவன்தான் கேக்கல. எங்கக்கா ஜியாகரஃபி டீச்சர், அரமணி நேரத்துல வுட்டுரும்னு சொல்லுது, ஒதுங்கி நிப்போம்னான். ஒரு பாறைக்கடியில நின்னோம். வுடவே இல்ல. அப்புறம் எறங்கினப்போ ஓட ரொம்பிப் போச்சு. எங்களயெல்லாம் கயித்தப் புடிச்சு மொதல்ல அனுப்பினான். இவன் கடைசி.”

கடலைப் பார்த்து நிற்கும் மலையில் அரைமணியில் மழை விடாது. அதை இந்த ஊரில் என்னைவிட அதிகத் தடவை சொன்னவர்கள் இருக்க மாட்டார்கள். நான் சொன்னது பெங்களூர் மழைக்கு. என் தம்பி நின்றது முக்கோணத்தின் அந்தப் பக்கம்.

“பயந்தானா?” என்று கேட்டேன்.

“இல்லக்கா. பாறைக்கடியில நின்ன நேரம் பூரா சந்தோஷமா இருந்தான். மலயில இருக்கேன்னு உண்மையச் சொல்லிட்டேன்டா, எங்கக்கா திட்டவே இல்லன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சான்.”

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சாத்திய கதவுக்குப் பின்னால் அந்த ரெயின்கோட் தொங்கியது. திட்டியிருப்பேன்டா. மலை என்று மட்டும் என் காதில் விழுந்திருந்தால், பொய் சொன்னாயா, இப்போதே இறங்குடா என்று தெருவே திரும்பிப் பார்க்கத் திட்டியிருப்பேன். நீயும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அந்த நிமிஷமே இறங்கியிருப்பாய்.